பரிஷே முடிந்த மறுநாள்

கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பெங்களூரு பசவனகுடியில் கால் வைக்க இடம் இருக்காது. பெரிய நந்தி கோயிலைச் சுற்றிக் கடலேகாய் பரிஷே என்ற வேர்க்கடலைச் சந்தை நடக்கும். கோலார், சிக்கபள்ளாபூர் பக்கத்திலிருந்தும் ஆந்திரம், தமிழ்நாட்டிலிருந்தும் வேர்க்கடலை மூட்டைகள் வந்து சாலையின் இருபுறமும் குவியும். வாங்கியவர் வீட்டுக்குப் போய் வறுத்துத் தின்று பார்த்து, இதே கடலை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அடுத்த வாரம் திரும்பினால் வெறும் தெருதான் இருக்கும். விற்றவர் எந்த ஊர், அவரை எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது. கோயிலுக்கு வந்த கூட்டம் கோயிலோடு கலைந்துவிட்டது.

பொம்மனஹள்ளியின் சிறுதொழில்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பரிஷேதான் நினைவுக்கு வருகிறது. ஓசூர் சாலையில், சில்க் போர்டு சந்திப்புக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவில் இருக்கும் நெரிசலான பகுதி இது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியவர்கள் இங்கே நிறைய. வீட்டு முன்னறையில் கேக் செய்கிறவர், முறுக்கு சுற்றுகிறவர், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர், டியூஷன் எடுக்கிறவர் என்று குறுக்குத் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். "வெப்சைட் இருக்கா?" என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கு? இன்ஸ்டால இருக்கோம், வாட்ஸாப்ல இருக்கோம்" என்பார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு மேல் கார்மெண்ட்ஸில் தையல் லைனில் உட்கார்ந்தவர். அந்த வேலையை விட்டபின் ஆரி வேலை கற்றுக்கொண்டு, முன்னறையில் மரச்சட்டம் போட்டு, கல்யாண பிளவுஸ்களுக்கு ஜரிகையும் மணியும் கோக்கிறார். நான்கு ஆண்டுகளாக அவருடைய கடை முழுவதும் ஒரு சமூக ஊடகச் செயலிக்குள் இருந்தது. முடித்த பிளவுஸின் படம், முதுகுப்பக்க டிசைனின் வீடியோ, விலை கேட்டவர்களுக்கு உள்பெட்டியில் பதில், ஜிபேயில் அட்வான்ஸ். ஆறாயிரத்துச் சொச்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் கணக்கு திறக்கவில்லை. விதிமீறல் என்று ஒரு வரி திரையில் நின்றது. எந்த விதி, எந்தப் படம் என்ற விவரம் இல்லை.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு யாரைப் போய்க் கேக்கறது தம்பி? அவங்க ஆபீஸ் எங்க இருக்கு?" என்றார்.

அன்று அவரைக் காப்பாற்றியது ஒரு நீள நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம்: தோள், மார்பு, கை நீளம், கழுத்து இறக்கம், கீழே ஃபோன் நம்பர். நோட்டில் ஏறியிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். செயலியில் பேசி முடித்து, நோட்டில் எழுதாமல் விட்ட ஏழு ஆர்டர்கள் போயே போய்விட்டன.

இதை அவருடைய கெட்ட நேரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இந்தச் செயலிகள் வேலை செய்யும் விதத்திலேயே இதற்கான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் எதை எங்கே வைப்பது என்று ஒரு சிறுதொழில்காரர் தாமே முடிவு செய்யலாம்.

ஆறாயிரம் பேரில் யார் பார்க்கிறார்கள்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 400 கணக்குகளைப் பின்தொடர்கிறார். ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒரு பதிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் 10 நிமிடம், பதிவுக்கு 5 நொடி வீதம் தள்ளிப் பார்த்தால் 120 பதிவுகளைத்தான் பார்க்க முடியும். மீதி 280 கண்ணில் படாது. இந்த 120-லும் விளம்பரங்களும் முன்பின் தெரியாதவர்களின் ரீல்களும் இடம் பிடித்துக்கொள்ளும். ஆக, யாரைக் காட்டுவது, யாரை விடுவது என்று யாராவது தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

இன்ஸ்டாகிராம் 2016 வரை பதிவுகளை நேர வரிசையில் காட்டியது. பிறகு இந்தத் தேர்வை அல்காரிதத்திடம் விட்டது. அது செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலில் ஒருவருக்குக் காட்டத்தக்க பதிவுகளைத் திரட்டும். ஒவ்வொரு பதிவுக்கும், இவர் இதில் எவ்வளவு நேரம் நிற்பார், லைக் போடுவாரா, கருத்து எழுதுவாரா, பிறருக்கு அனுப்புவாரா என்று நிகழ்தகவுகளைக் கணிக்கும். அவற்றுக்கு எடை போட்டுக் கூட்டி மதிப்பெண் தரும். மதிப்பெண் கூடியது மேலே வரும். கணிப்புக்கு ஆதாரம், அந்த நபர் இதுவரை எதில் கை வைத்தார் என்ற பழைய பதிவேடு.

கல்யாண பிளவுஸ் விற்கிறவருக்கு இங்கேதான் சிக்கல். கல்யாணம் பேசி முடிந்த மூன்று மாதம் ஒரு பெண் ஆரி வேலைப் படங்களைத் தேடித்தேடிப் பார்ப்பாள். கல்யாணம் முடிந்ததும் நிறுத்திவிடுவாள். இவளுக்கு ஆர்வம் போய்விட்டது என்று இயந்திரம் கற்றுக்கொள்ளும். படங்கள் அவள் திரையிலிருந்து இறங்கிவிடும். இரண்டு வருடம் கழித்துத் தங்கைக்குக் கல்யாணம் வரும்போது, பின்தொடர்ந்துகொண்டுதான் இருப்பாள். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அக்காவின் ஒரு படம்கூட அவள் கண்ணில் பட்டிருக்காது. பெயரும் மறந்திருக்கும்.

தினமும் கிளறிக்கொண்டே இருக்கும் ஆர்வத்தைத்தான் இந்த முறை அளக்கிறது. பல சிறுதொழில்களின் பிழைப்போ, எப்போதோ ஒருமுறை எழும் தேவையில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவோம். மிக்ஸியை அது நின்றபோது பழுதுபார்ப்போம். தொட்டி கழுவுகிறவரின் ரீலை யார் தினமும் ரசிப்பார்கள்?

இன்றைய விதி நாளையும் அப்படியே நிற்கும் என்ற உறுதியும் இல்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள் குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முதலிடம் தரப்போவதாக அறிவித்தது. நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் பின்னுக்குப் போயின. ஆண்டுக்கணக்கில் ஆள் சேர்த்தவர்கள், தங்கள் ஆட்களிடமே பேசக் காசு கட்டி விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று.

தேடுகிறவருக்குக் கிடைக்காத கடை

தேவை வந்தவர் என்ன செய்வார்? ஃபோனை எடுத்து, 'பொம்மனஹள்ளி ஆரி ஒர்க் பிளவுஸ் விலை' என்று தேடுவார். அந்த நேரத்தில் உலகம் முழுக்க ஓடிப் பார்க்க யாருக்கும் அவகாசமில்லை. தேடுபொறி அந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைத்திருக்கும். அதன் நிரல்கள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய் எழுத்துகளை வாசித்துவரும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவுபோல ஒரு பெரும் அட்டவணை போட்டுவைக்கும். நாம் கேட்டதும் அட்டவணையைப் புரட்டி, பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தரும்.

நிரல் உள்ளே போகக் கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே வாசிக்க எழுத்து இருக்க வேண்டும். சமூக ஊடகப் பக்கங்கள் பல, உள்நுழைந்தால்தான் காட்டுவேன் என்று கதவைச் சாத்திவைத்திருந்தன. 2025 ஜூலையிலிருந்து இன்ஸ்டாகிராம் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகளைத் தேடுபொறிகளுக்குத் திறந்துவிட்டது; நல்லதுதான். ஆனால் உள்ளே இருப்பது என்ன? ஒரு பிளவுஸ் படம், ஒரு பாட்டு, நாலு இதயம், 'விலைக்கு டிஎம் பண்ணவும்' என்ற வரி. எவ்வளவு விலை, எத்தனை நாளில் கிடைக்கும், அளவு பிளவுஸ் கொடுத்தால் போதுமா, ஞாயிறு திறந்திருக்குமா? வாடிக்கையாளர் தேடுவது இவற்றைத்தான். இவை எல்லாமே உள்பெட்டியின் இருட்டில் கிடக்கின்றன. அக்கா ஒரே பதிலை ஒரு நாளைக்கு முப்பது பேருக்குத் தட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றாவது ஆளுக்கு அந்த முப்பதும் பயன்படவில்லை.

சொந்தத் தளத்தில் இதை ஒருமுறை எழுதினால் போதும். கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து 2011-ல் ஸ்கீமா என்ற பொதுக் குறியீட்டு முறையைக் கொண்டுவந்தன. இது விலை, இது கடை நேரம், இது முகவரி என்று தளத்துக்குள் இயந்திரத்துக்குப் புரியும்படி குறித்துவைக்க அது உதவுகிறது. அப்படிக் குறித்த பக்கம், கடைக்காரர் தூங்கும்போதும் கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லும்.

இரண்டு கதவு, ஒரே வீடு

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கே. இன்ஸ்டா இல்லேன்னா வாட்ஸாப்" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். 2021 அக்டோபர் 4 இரவை அவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டும். இந்திய நேரம் இரவு ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்களில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் நின்றன. ஆறு மணி நேரத்துக்கு மேல் வரவில்லை.

இணையம் என்பது பல்லாயிரம் வலைப்பின்னல்களின் கூட்டு. 'என்னிடம் வர இந்த வழி' என்று ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்துக்கு இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். பிஜிபி என்ற நெறிமுறை இதற்கானது. அன்று பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை, மூன்று செயலிகளையும் நடத்தும் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை இருந்ததால் அதுவும் தடுக்கவில்லை. பெயரை எண்முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர்கள், தரவு மையம் எட்டவில்லை என்றால் தங்கள் வழியறிவிப்பைத் தாமே விலக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. அவை விலக்கிக்கொண்டன. அந்தச் சர்வர்களுக்குப் போகும் வழி இணைய வரைபடத்திலிருந்தே மறைந்தது; மூன்று செயலிகளையும் யாராலும் எட்ட முடியவில்லை.

நிகழ்தகவுப் பாடம் இங்கே உதவும். ஒரு கதவு நூறு நாளில் ஒரு நாள் திறக்காது என்று வைப்போம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கதவுகள் இருந்தால், இரண்டும் ஒரே நாளில் திறக்காமல் போவது பத்தாயிரம் நாளில் ஒரு நாள். இரண்டும் ஒரே வீட்டின் கதவுகள் என்றால், வீட்டைப் பூட்டிய அன்று இரண்டும் சேர்ந்தே போகும். மறுபடி நூறில் ஒன்றுதான். இன்ஸ்டாகிராமும் வாட்ஸாப்பும் ஒரே நிறுவனத்தின் கதவுகள். சொந்தத் தளமும் சில சமயம் படுக்கும். ஆனால் அவை படுக்கும் அதே நாளில், அதே காரணத்தால் படுக்காது. நமக்கு வேண்டிய பாதுகாப்பு அதுதான்.

மூடிய கடைவீதிகள்

பழுது ஓர் இரவில் சரியாகிவிடும். சமூக ஊடகமே மூடிவிட்டால்? ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது. அவற்றில் டிக்டாக்கும் ஒன்று. அதை நம்பிப் பெயர் சேர்த்தவர்களின் மேடை ஓரிரு நாளில் காணாமல் போனது.

நமக்கு வெகு அருகில் நடந்தது கூ செயலியின் கதை. 2020-ல் இதே பெங்களூரில் பிறந்து, கன்னடத்தில் தொடங்கித் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் பேச இடம் தந்தது. பெரிய பெயர்கள் எல்லாம் வந்து கணக்குத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. நல்ல நோக்கமும் உள்ளூர் வேரும் இருந்தும் பணம் தீர்ந்தால் கடைவீதி மூடத்தான் செய்யும்.

'தளம்' என்ற பெயர் இருந்தாலே போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. வணிகங்களுக்குக் கூகுள் இலவசமாகச் சிறு தளங்கள் அமைத்துக் கொடுத்திருந்தது. 2024 மார்ச்சில் அவற்றை மூடிவிட்டது. சில மாதம், ஜூன் 10 வரை, வந்தவர்களைக் கடையின் கூகுள் விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது; அதன்பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் போர்டிலும் அந்த இலவச முகவரியை அச்சடித்தவர்களின் முகவரி செத்துப்போனது.

பெயர் நம்முடையதாக இருந்தால்

ஆகவே கேள்வி, தளமா செயலியா என்பதைவிட, முகவரி யாருடையது என்பதில் இருக்கிறது. இதைப் பொம்மனஹள்ளிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. 2007 வரை பொம்மனஹள்ளி தனி நகரசபை. அந்த ஆண்டு பெருநகர பெங்களூரு மாநகராட்சியில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியே கலைந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் புதிய மாநகராட்சிகள் வந்தன. வரி கட்டும் அலுவலகம் மாறியது, ரசீதின் தலைப்பு மாறியது. ஆனால் 'பொம்மனஹள்ளி, இந்த மெயின், இந்த கிராஸ்' என்று எழுதிய கடிதம் அதே வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே எது மாறினாலும் பெயர் நிலைத்திருப்பதால் ஊர் நம்மைக் கண்டுபிடிக்கிறது.

1983-ல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் இணையத்தில் செய்யும் வேலையும் இதுதான். ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண்முகவரி உண்டு. அந்த எண்ணுக்கு மேல் நாம் ஒரு பெயரை, அதாவது டொமைனை, வைக்கிறோம். இன்று ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் தளத்தை நாளை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றினால் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணை மாற்றி எழுதினால் போதும். வாடிக்கையாளர் பழைய பெயரையே தட்டிப் புது வீட்டுக்கு வந்துசேர்வார். சமூக ஊடகத்தில் நம் பெயர் அந்த நிறுவனத்தின் முகவரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து கிளம்பினால் பெயரை எடுத்துப்போக முடியாது. பின்தொடர்கிறவர்களின் பட்டியலைத் தரவிறக்கினாலும் பயனர் பெயர்கள்தான் வரும். அவர்களுடைய ஃபோன் நம்பர் வராது.

டொமைனுக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. அதை உறுதிசெய்த ஒரு வழக்கு பெங்களூரில்தான் தொடங்கியது. சிஃபி என்ற பெயரில் இணையச் சேவை நடத்திவந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம், அதைப்போலவே ஒலிக்கும் டொமைன்களை வைத்திருந்த சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் மீது பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அங்கே கிடைத்த தடையாணையை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2004 மே 6 அன்று உச்சநீதிமன்றம் சத்யம் இன்ஃபோவேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வணிகக்குறிக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம்.

செலவும் சிரமமும்

தளம் வைத்தால் கூட்டம் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பரிஷேக்கு வரும் கூட்டம் யாருடைய தனிக்கடைக்கும் வராது. படம் காட்டவும், புதிய முகங்களைச் சந்திக்கவும், எழுத்துக் கூட்டத் தயங்குகிறவர் குரலில் பேசி விற்கவும் சமூக ஊடகம்போல ஒரு வசதி இதற்கு முன் சிறுதொழில்களுக்குக் கிடைத்ததில்லை. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. கூட்டத்தில் கிடைத்தவரை வீட்டு வாசல்வரை கூட்டிவர ஒரு வாசல் வேண்டும் என்கிறேன்.

அந்த வாசல் சிறிதாக இருக்கலாம். .இன் முடிவு கொண்ட ஒரு டொமைன் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. தமிழ் எழுத்திலேயே .இந்தியா என்று முடியும் பெயரும் பதிவுசெய்யலாம். ஒரே ஒரு பக்கம் போதும்: என்ன செய்கிறோம், தோராய விலை, எத்தனை நாள், கடை நேரம், வழி, ஃபோன் நம்பர், பத்து நல்ல படங்கள்.

கவனிக்க வேண்டியவை மூன்று. தளம் செய்துகொடுப்பவர் டொமைனைத் தம் பெயரில் பதிவுசெய்யவிடக் கூடாது. உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் ஃபோன் நம்பரில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். விலையும் நேரமும் மாறினால் அன்றே தளத்தில் திருத்த வேண்டும். பழைய விலை போட்ட தளம் வாடிக்கையாளரிடம் சண்டையைத்தான் கொண்டுவரும்.

யாரைப் போய்க் கேட்பது என்ற அக்காவின் கேள்விக்கும் பதில் உண்டு. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி சமூக ஊடக நிறுவனங்கள் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தை வெளியிட வேண்டும். புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, விதியில் குறித்த கெடுவுக்குள் தீர்க்க வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியாக முறையிடலாம். நானும் அவரும் உட்கார்ந்து அப்படி எழுதினோம். கணக்கு திரும்பி வந்தபோது ஆவணி முடிந்திருந்தது.

இப்போதும் அவர் ரீல் போடுகிறார். புதிய ஆட்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். வந்தவர்களை அங்கேயே நிறுத்திவைப்பதில்லை. விலையும் டிசைனும் இப்போது தொடங்கியிருக்கும் தன் சொந்தத் தளத்தில் இருக்கின்றன என்று அனுப்புகிறார். ஆர்டர் உறுதியானதும் அளவு நோட்டில் ஏறிவிடுகிறது. அந்த நோட்டின் அட்டைக்குள் சிவப்பு மையில் ஒரு தேதி எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். டொமைன் புதுப்பிக்கும் நாள்.